ஆய்வு நாளுக்கு இரவல் வாங்கிய பிள்ளைகள்

ஆம்பூர்,
20.7.2003, ஞாயிறு.

அன்பு மகன் ஜெஸ்டனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் எல்லோரும் இங்கே நலம், அடிஸ் அபாபா குளிரில் உன்னையும் அவர் ஒரு குறையும் இல்லாமல் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர அப்பாவின் இருமல் நிற்கவில்லை, அத்தனை வருஷம் டேனரிக் காற்றைக் குடித்த நெஞ்சு சிரப்புக்கெல்லாம் அடங்குமா, மருமகள் ஜெனிஃபா தன் ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கி வந்தாள், அப்பா அதை விழுங்காமல் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தார், நான் கண்டுபிடித்து ஒரு பாட்டம் திட்டிய பிறகு இப்போது விழுங்குகிறார். போர் தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கிறது, குடிக்க லாரித் தண்ணீர்தான். உன் பெண்டாட்டி விடியற்காலை பஸ்ஸில் வேலூர் போய் இருட்டின பிறகு வருகிறாள், பெண் பாதியாக இளைத்துவிட்டாள், போன் பண்ணும்போது உன் கம்பெனிக் கதையையே அளக்காமல் சாப்பிட்டாயா என்று அவளையும் ஒரு வார்த்தை கேள். பேரன் ஷாஜின் சுகம், முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, சிரிக்கக் கூச்சப்படுகிறான்.

உன் போன கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "வெச்சிடு வெச்சிடு, அவனுக்கு பில் ஏறுது" என்பார், இது அப்படி அவசரத்தில் சொல்லுகிற சங்கதி இல்லை. உன்னோடு வேலை பார்க்கும் அமெரிக்காக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய், அங்கே சர்க்கார் பணம் கொடுக்குமாம், பள்ளிக்கூடத்தைத் தனியார் நடத்துவார்களாம், பெற்றோர் தங்களுக்குப் பிடித்ததில் சேர்ப்பார்களாம், சரியாக நடத்தாத பள்ளியை மூடிவிடுவார்களாம், அது நல்லதா கெட்டதா என்று அங்கேயும் பெரிய சண்டையாம். நம் பள்ளிக்கூடத்தை டிரஸ்ட் எடுத்துக்கொண்டதும் அந்த மாதிரிதானே, அம்மா ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய், பழைய மாணவன் என்ற முறையில் நானும் அவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்றிருக்கிறேன் என்று முடித்திருந்தாய். நீ செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம். ஆனால் அது எப்படிக் கை மாறியது என்று தெரிந்துகொண்டு செய். இதை ஜெனிஃபாவும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் வேண்டாம் என்று தடுத்து வைத்திருந்தேன்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் சபை ஹாலில் பெற்றோரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். நம்முடையது சபை நடத்துகிற பள்ளி, டீச்சர்களான எங்கள் சம்பளம் சர்க்கார் கொடுப்பது, தமிழில் பாடம், பிள்ளைகளுக்குச் செலவில்லை, இது நீ அறிந்ததுதான். நான்கைந்து டேனரி முதலாளிகள் சேர்ந்த டிரஸ்ட் அதை வாங்கி இங்கிலீஷ் மீடியமாக ஆக்க முன்வந்திருப்பதாக பாஸ்டர் ஐயா சொன்னார். டிரஸ்ட் தரப்பில் சம்பத் சார் என்று ஒருவர் வந்து பேசினார். புதுக் கட்டடம், கம்ப்யூட்டர், நல்ல டீச்சர்கள், பாடம் நடத்தாத டீச்சரை வருஷக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார். அதற்குக் கைதட்டல் கிளம்பியது, எங்களைப் பார்த்துத்தான் தட்டினார்கள். என்னோடு வேலை பார்க்கும் தானியேல் சார் எழுந்து ஏழைப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்டார், கேட்டது நியாயம்தான், ஆனால் மனுஷன் மணி அடித்து வெகுநேரம் கழித்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவது ஊருக்கே தெரியும், பின்னாலிருந்து யாரோ "நீ முதல்ல டயத்துக்கு வா சார்" என்றதும் உட்கார்ந்துவிட்டார். நம் தெரு முக்தார் அகமது பேசியதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "நான் ஷூ கம்பெனில வருசக்கணக்கா ஹெல்பராவே நிக்கிறேன் டீச்சரம்மா, ஆர்டர் ஷீட்டு இங்கிலீஷ்ல இருக்குது, எனக்குப் படிக்கத் தெரியல, நேத்து வந்த பையன் படிக்கிறான், அவன் சூப்பர்வைசர். என் புள்ளயும் ஹெல்பராவே நிக்கணுமா, நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் பேச்சில் ஒரு சொல் பொய்யில்லை. கடைசியில் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகள் போதுமான அளவு இருந்தால் இப்படியே நடக்கட்டும், இல்லையென்றால் கொடுத்துவிடலாம், கல்வி ஆபீசர் ஆய்வுக்கு வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

மே மாத வெயிலில் நானும் தானியேல் சாரும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளை கேட்டோம். ஓட்டு கேட்கிறவனுக்காவது நாற்காலி போடுகிறார்கள், எங்களுக்கு அதுவும் இல்லை. சபைக் குடும்பங்கள் எல்லாம் மெட்ரிகுலேஷன் வேனில் ஏறியாயிற்று. ரயில்வே லைன் ஓரத்துக் குடிசைகளில் பூவம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள், டேனரியில் ஈரத்தோல் தூக்குகிற வேலை, புருஷன் கழிவுத் தொட்டியில் இறங்கிச் செத்துப்போனான், அவளுடைய ஒரே மகள் பூர்ணிமா நம் பள்ளியில் மூன்றாவது முடித்திருந்தாள். நல்ல புத்திசாலி, புதுப் புத்தகம் கையில் கொடுத்தால் அன்றைக்கே கடைசிப் பாடம் வரை வாசித்துவிட்டு வந்து நிற்கும். அக்கம்பக்கத்தில் வேறு பிள்ளைகள் இருந்தால் சொல்லு என்று பூவம்மாளிடம் கேட்டேன். அவள் கிண்டல் ஒன்றும் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறவள் மாதிரி, "உங்க பேரன் எந்த இஸ்கூல்ல படிக்குது டீச்சர்?" என்றாள். மெட்ரிகுலேஷனில் என்றேன். "அங்க நல்லா சொல்லித் தர்றாங்களா?" என்றாள். நன்றாகத்தான் சொல்லித் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னபோது, அவள் சரியாத்தான் கேட்டிருக்கா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நவம்பரில் ஆய்வு. நாளைக்கு வருகிறார் என்று முந்தின நாள் மத்தியானம்தான் தெரிந்தது. வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. எல்லாப் பள்ளியிலும் செய்கிறதுதான் டீச்சர், ஒரு நாளைக்குப் பிள்ளை கேட்டு வாங்கலாம் என்றார் தானியேல் சார். எந்தச் சபை வீடுகள் மேயில் முகத்தைத் திருப்பிக்கொண்டனவோ அந்த வீடுகளே, பாவம் டீச்சர், ஒரு நாள்தானே என்று பிள்ளைகளைக் கொடுத்தன. அவர்கள் பேர்களை ரெஜிஸ்டரில் ஏற்றினது நான். டையைக் கழற்று, ஷூவைக் கழற்று, செருப்போடு வா என்று சொல்லிக் கொடுத்ததும் நான். ஷாஜினையும் அவன் வேனுக்கு லீவு சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். ஆயா நான் ஏன் இங்க உக்காரணும் என்று கேட்டான், விளையாட்டுடா என்றேன். பூர்ணிமா பக்கத்தில் உட்கார வைத்தேன். அந்தப் பெண் பாலாற்றைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதி ஆபீசர் முன்னால் சொல்வதற்காக மனப்பாடம் செய்து வந்திருந்தது, தலையில் எண்ணெய் வழிய, கனகாம்பரம் வைத்துக்கொண்டு.

ஆபீசர் உள்ளே வந்ததும் எங்கள் பிள்ளைகள் எழுந்து வணக்கம் ஐயா என்றன. அது காதில் விழவே இல்லை. இரவல் பிள்ளைகள் எல்லாம் பழக்க தோஷத்தில் ஒரே ராகமாக குட் மார்னிங் சார் என்று இழுத்தன. மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். அவர் மாட்டி வைக்கவில்லை மகனே. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பேர் என்ன, அப்பா என்ன செய்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே வந்தார். உன் மகன் எழுந்து, என் அப்பா எத்தியோப்பியாவில் லெதர் டெக்னீஷியன் என்று இங்கிலீஷில் கணீரென்று சொன்னான். மாதங்களின் பேரைச் சொல்லச் சொன்னார், சொன்னார்கள். பூர்ணிமா கையைத் தூக்கியது, இரும்மா என்றார். மறுபடி தூக்கியது. அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். தூக்கின கையை அது எப்போது இறக்கியது என்று நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போகும்போது என்னைப் பாராட்டினார். இவ்வளவு சாதாரணப் பள்ளியில் பிள்ளைகள் இத்தனை நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார்களே அம்மா, இவர்களைத் தமிழ் மீடியத்திலேயே வைத்திருப்பது வீண் இல்லையா என்று கேட்டார். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பகுதி மக்களும் பிள்ளைகளும் இங்கிலீஷ் கல்விக்குத் தயாராக இருக்கிறார்கள், டிரஸ்ட்டிடம் கொடுக்க ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். பொய்யைக் கொண்டு போய் முன்னால் வைத்தவர்கள் நாங்கள், அதை நம்பினது மட்டும்தான் அவர் செய்தது. பள்ளியைக் காப்பாற்ற இரவல் வாங்கின பிள்ளைகளே அதை மூடக் காரணமாகப் போயின. அது இரவல் கூட்டம் ஐயா என்று சொல்ல பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் பலமுறை போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். சொன்னால் எனக்கும் தானியேல் சாருக்கும் வேலை போகும், அவருக்குக் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

இந்த ஜூனில் புதுப் போர்டு மாட்டியாயிற்று. கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது, முக்தார் அகமது மகனைச் சேர்த்திருக்கிறார், அவன் நன்றாக வருவான், வரட்டும். பழைய பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்றார்கள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஆனால் ஒரு டெஸ்ட் வைத்தார்கள். பூர்ணிமாவிடம் இங்கிலீஷில் கேட்ட எதற்கும் அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஒன்றாம் வகுப்பில் போட்டால் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். ஐந்தாவது போக வேண்டிய பெண், பாலர்களோடு முட்டி இடிக்க எப்படி உட்காரும். சர்க்கார் பள்ளி ஹைவேக்கு அந்தப் பக்கம், ராத்திரி பகலாக லாரி ஓடுகிற ரோடு, கூட்டிப்போய் விட ஆள் இல்லை, தாய்க்காரி விடிவதற்குள் வேலைக்குப் போகிறவள். எனக்கு அரக்கோணத்தில் சபையின் வேறொரு பள்ளிக்கு மாற்றல் போட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் சேர வேண்டும். ரிட்டயர் ஆகும் காலத்தில் ரயிலில் அல்லாடப் போகிறாளே என்று அப்பா புலம்புகிறார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

போகிறதற்கு முன்னால் ஒன்றாவது செய்யலாம் என்று வியாழக்கிழமை சாயங்காலம் பூவம்மாள் வீட்டுக்குப் போனேன். பூர்ணிமாவை ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டுக்கு அனுப்பு, நானே சொல்லித் தருகிறேன், ஹைவே பள்ளியில் தனியாகப் பேசிப் பரீட்சை எழுத வைக்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். அந்தப் பெண் வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தது. பேரணாம்பட்டு ஆள் இலையும் தூளும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறானாம். விரலெல்லாம் பழுப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் பூவம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கோபமாக இல்லை ஜெஸ்டன், ஒரு மரியாதையோடு, நமக்கு ஒரு உதவி செய்கிற சந்தோஷத்தோடு கேட்டாள். "ஆபீசர் வர்றாரா டீச்சர்? என்னிக்கு வேணும் சொல்லுங்க, தலைக்கு எண்ணெ வெச்சி அனுப்பி வெக்கிறேன், சும்மாத்தான் உக்காந்துனு கீது" என்றாள். பூர்ணிமா நான் கூப்பிடாமலே முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்து, பாவாடையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. அது எழுந்த வேகத்தைப் பார்த்த பிறகு சொல்ல வந்ததைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. ஒன்றுமில்லை, இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ எந்தப் பக்கம் சரி என்று கேட்டிருந்தாய். அமெரிக்காக்காரருக்கும் உனக்கும் நான் பதில் சொல்லத் தெரிந்தவள் இல்லை. டிசம்பரில் நீ வரும்போது ஒரு நாள் என்னோடு அந்த வீட்டுக்கு வா, தனியாகப் போக எனக்குக் கால் எழவில்லை. நெஞ்சில் சளி கட்டவிடாதே, கெமிக்கல் கலக்கும் இடத்தில் முகத்துக்குத் துணி கட்டாமல் நிற்காதே, உன் அப்பாவைப் பார்த்தும் புத்தி வராவிட்டால் எப்போது வரும். ஜெபத்தை விடாதே. உன்னை உறக்கமும் தூக்கமும் இல்லாத கண்கள் காக்கட்டும், போகையிலும் வருகையிலும் நிழலாக இருக்கட்டும்.

ஷாஜின் இந்தக் கடிதத்தில் உனக்கு நாலு வரி எழுத ஆசைப்பட்டான், தமிழில் எழுதடா என்றேன், எழுத்து எழுத்தாக என்னைக் கேட்டு அப்பா என்பதோடு பேனாவை வைத்துவிட்டான். அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்த பூர்ணிமா எங்கே ஆயா, அவ சொல்லித் தருவாளே என்று கேட்கிறான்.

உன் அம்மா,
மோ. ஜெபகனி.