‘தகுதி’ என்று நான் திருத்திய இடம்

சார்,

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை, சின்னக்கடை வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு பைண்டிங் கடையைக் கடந்து போனேன். வாசலில் அடுப்பை வைத்து மைதா பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். லேசாகப் புளித்த அந்த வாசனை பட்டதும் கால் நின்றுவிட்டது. நீங்கள் போய் அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதமும் உங்கள் நினைவு வரும்போதெல்லாம் வேறு எதையாவது எடுத்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறினேன்.

அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை, உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்துவிடுகிறேன். நான் செய்த தவறு அதில் இருக்கிறது.

கல்லூரிகளுக்குத் துணைநூல் போடும் அந்தச் சின்னப் பதிப்பகத்தில் நான் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்வழியில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகளுக்காக நீங்கள் எழுதிய கையெழுத்துப் பிரதி என் மேஜைக்கு வந்தது. பரிணாமம் பற்றிய அத்தியாயத்தின் முதல் வரியிலேயே நாம் முட்டிக்கொண்டோம். “பூமியில் உயிர் தோன்றியது” என்று எழுதியிருந்தீர்கள்.

“தோன்றியதுன்னா ஏற்கெனவே எங்கேயோ இருந்தது இப்ப கண்ணுல பட்ட மாதிரி இருக்கு சார்” என்றேன்.

நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். “உண்டாச்சுன்னா, உண்டாக்கினது யாருன்னு கேப்பாங்க. பிறந்துச்சுன்னா, அம்மா யாருன்னு கேப்பாங்க. எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு கேள்வி கூடவே வருதுங்க மேடம்.”

“அப்ப எதைத்தான் போடறது?”

“விடியறதைப் பார்த்திருப்பீங்கல்ல? இந்த நிமிஷம் வரைக்கும் இருட்டு, இதுக்கப்புறம் வெளிச்சம்னு கோடு போட முடியுமா? முதல் உயிரும் அப்படித்தான் வந்திருக்கணும். வெறும் ரசாயனமா இருந்தது கொஞ்சம் கொஞ்சமா தன்னையே நகலெடுக்க ஆரம்பிச்சிருக்கு. எந்த நாள்லேருந்து அதுக்கு உயிர்னு பேர் வைக்கறதுங்கறது நம்ம பிரச்சினை, அதோட பிரச்சினை இல்ல.”

‘தோன்றியது’ என்பதே இருக்கட்டும் என்று விட்டேன். அன்று விட்டுக்கொடுத்ததற்குச் சேர்த்து வேறொரு இடத்தில் பிடிவாதம் பிடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. “சூழலுக்குப் பொருந்தியவை பெருகும், பொருந்தாதவை குறையும்” என்ற உங்கள் வரியை அடித்துவிட்டு, “தகுதியுள்ளவை வாழும், தகுதியற்றவை மறையும்” என்று எழுதினேன். முதல் மெய்ப்பில் நீங்கள் அதை அடித்துப் பழையதை எழுதினீர்கள். இரண்டாம் மெய்ப்பில் நான் என்னுடையதைத் திரும்பப் போட்டேன். போனில் கூப்பிட்டீர்கள்.

“பொருந்தறது வேற, தகுதி வேறங்க. செருப்பு காலுக்குப் பொருந்துது. அதுக்காகச் செருப்புக்குத் தகுதி இருக்குன்னு சொல்வோமா?”

“மாணவர்களுக்கு மனசுல நிக்கணும் சார். ஓசை நல்லா இருக்கு” என்றேன்.

“பார்த்துச் செய்ங்க” என்று வைத்துவிட்டீர்கள். புத்தகம் என் வரியோடு வந்தது. முதலாளி உட்பட நான்கு பேர் அந்த வரியைப் பாராட்டினார்கள். உங்கள் பெயர் போட்ட புத்தகத்தில் நான் எழுதிய வரிக்காக நான் சந்தோஷப்பட்டேன்.

நீங்கள் ஏன் அத்தனை வாதாடினீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் வீடு என்பது தெரியும். நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதும் தெரியும். தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்பதை நீங்கள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்துப் பதிப்பகத்துக்கு வந்தீர்கள். கோபம் இல்லை. “உங்க வரி எங்க வீட்டுல குடியிருக்குங்க மேடம். ஒருநாள் வந்து கேட்டுட்டுப் போங்க” என்றீர்கள். வேடிக்கையாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தேன்.

கொல்லைப்புறத்தில் உங்கள் தங்கை வேணி முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குட்டையான உருவம், வட்ட முகம், சற்றே மேலேறிய கண்கள். அப்போது அவளுக்கு முப்பது தாண்டியிருக்கும். காதில் விழுகிற வாக்கியத்தில் தாளம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சொல்வது அவள் வழக்கம் என்று பிறகு சொன்னீர்கள். சந்தேகம் கேட்க வந்த மாணவி ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்து என் வரியை உருப்போட்டிருக்கிறாள். வேணி அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு காம்பாக உருவிப் போட்டபடி, பாட்டுப் பாடுவதுபோலச் சந்தோஷமாக, “தகுதியத்தவை மறையும், தகுதியத்தவை மறையும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் சொன்னாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். நீங்கள் காப்பி கொண்டுவந்து கொடுத்தீர்கள். “அர்த்தம் தெரியாது அவளுக்கு. எனக்குத்தான் தெரியுது” என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறு அச்சு இப்போதைக்கு இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். விற்காமல் இருந்த பிரதிகளில் அந்த வரியின் மேல் ஒட்டுத்தாள் ஒட்ட மட்டும் சம்மதித்தார், அதையும் நாங்களே செய்துகொள்வதாக இருந்தால். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மன்னார்புரத்தில் இருந்த குடோனில் உட்கார்ந்து ஒட்டினோம். நான் பக்கத்தைப் பிரித்துக் கொடுப்பேன், வேணி தாளில் பசை தடவுவாள், நீங்கள் ஒட்டி அழுத்துவீர்கள். அவள் தடவிய பசை ஒரு இடத்தில்கூடக் கட்டியாக இல்லை.

ஒட்டுத்தாளில் என்ன எழுதுவது என்பதற்கே ஒரு வாரம் பேசினோம். “பொருந்தினது பிழைக்கும்ங்கறீங்க. பொருந்திச்சுன்னு எப்படித் தெரியும்? பிழைச்சிருக்கறதால. அப்ப, பிழைச்சது பிழைச்சுச்சுன்னுதானே ஆகுது?” என்று கேட்டேன். தோற்றவளின் குதர்க்கம் அது. ஆனால் உங்கள் முகம் மலர்ந்துவிட்டது.

“இது பெரிய ஆளுங்கல்லாம் சண்டை போட்ட இடங்க மேடம். இப்படிப் பாருங்க. குளம் வத்தப்போகுது. அதுக்கு முன்னாடியே என்னால சொல்ல முடியும், விரால் தாங்கும், கெண்டை தாங்காதுன்னு. விரால் மேல வந்து காத்தை வாங்கிக்கும், சேத்துல கிடந்தாலும் கிடக்கும். அது உடம்பைப் பார்த்துச் சொல்றது, பிழைச்ச பிறகு சொல்றது இல்ல. ஆனா தண்ணி நிறைஞ்சு ஓடுற ஆத்துல அந்த விராலுக்கு என்ன தனிப் பெருமை? ஒண்ணுமில்ல. அவ்வளவுதான் விஷயம். நல்லது கெட்டதுக்கு அதுல இடமே இல்ல.”

கடைசியில் உங்கள் பழைய வரியோடு “சூழல் மாறினால் இதுவும் மாறும்” என்று மட்டும் சேர்த்தோம்.

அந்தக் குடோனில்தான் வேணியைப் பற்றி முதல்முறையாக நீங்களாகச் சொன்னீர்கள். செல் பிரியும்போது இருபத்தொன்றாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாகிவிட்டது, அதைத்தான் டவுன் சிண்ட்ரோம் என்கிறார்கள் என்று. “உங்க பைண்டர் ஒரு ஃபாரத்தை, அதே பதினாறு பக்கத்தை, ரெண்டு தடவை சேர்த்துத் தைச்சிடுவார்ல, அந்த மாதிரி. பிழை திருத்தறது உங்க வேலை. ஆனா நகலெடுக்கறதுல பிழையே வராம இருந்திருந்தா நீங்களும் இல்ல, நானும் இல்ல. எல்லாம் இன்னும் கடல்ல ஒரே ஒரு செல்லாத்தான் இருந்திருக்கும். அந்தப் பிழைதான் எல்லாத்தையும் கொண்டுவந்துச்சு. அதுவேதான் வேணியையும் கொண்டுவந்துச்சு. ஒண்ணை மட்டும் வாங்கிக்கிட்டு இன்னொண்ணை வேணாம்னு எப்படிச் சொல்றது?”

வேணி தலை நிமிராமல் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு பல வருடங்கள் நாம் நல்ல சிநேகிதர்களாக இருந்தோம். நீங்கள் ஓய்வுபெறும் வரை நீங்கள் எழுதியது எல்லாம் என் கையால்தான் போனது. நான் எதிலும் உங்களைக் கேட்காமல் கை வைக்கவில்லை.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லவில்லை. காவிரிப் பாலத்தில் ஒரு சாயங்காலம் நடந்து போய்க்கொண்டிருந்தோம். ஆற்றில் தண்ணீர் இடது கரையோரமாக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “டாக்டர் எங்கப்பாகிட்ட வேணி இருபது தாண்டமாட்டாள்னு சொன்னார். இப்ப நாப்பத்தஞ்சு. நான் போனப்புறம் இவ இருப்பா போல இருக்கு. அப்ப நீங்க பார்த்துப்பீங்களா மேடம்?” என்று கேட்டீர்கள்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். இப்ப எதுக்கு அந்தப் பேச்சு” என்றேன்.

“விலங்கியல் வாத்தியார்கிட்ட சொல்ற பதிலாங்க இது?” என்று சிரித்தீர்கள். பிறகு கேட்கவே இல்லை.

அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. படுத்துவிட்ட என் அம்மாவை ஒன்பது வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து எடுத்தவள் நான். அம்மா போன அன்று இனி யாருடைய கையையும் பிடித்து நடத்த மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். அதை உங்களிடம் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பீர்கள். சொல்லவில்லை.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி என்று உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காலை ஆறு நாற்பது என்று எழுதிக் கொடுத்தார்கள். உயிர் தொடங்கிய நேரத்துக்குக் கோடு போட முடியாது என்றீர்கள். முடிந்த நேரத்துக்கு எவ்வளவு சுலபமாகப் போட்டுவிட்டார்கள் என்று அந்தத் தாளைப் பார்த்தபடி நினைத்தேன். அழுகை வரவில்லை. இதைச் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளிலும் பிழை இருக்கிறதா என்று கண் தேடியது. பழக்கம்.

வேணியை உங்கள் சித்தப்பா மகள் சாந்தி முசிறிக்கு அழைத்துப் போனாள். மூன்று மாதம் வைத்துக்கொள்வது, அதற்குள் ஏதாவது ஒரு இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்வது என்று உறவுக்காரர்கள் பேசி முடித்தார்கள். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் குணசீலத்தைத் தாண்டியபோது உங்கள் அப்பா வேணியை அங்கே பெருமாள் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்கவைத்த கதை ஞாபகம் வந்தது. “குணமாகும்னு கூட்டிட்டுப் போனார். நோயா இருந்தாத்தானே குணமாக” என்பீர்கள். அப்பாவைக் குறையாகச் சொல்ல மாட்டீர்கள். அந்த நாற்பத்தெட்டு நாளும் அவர் அவளோடு அங்கேயே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வீர்கள்.

சாந்தியின் வீடு வாழைத்தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. வேணி அங்கே இருக்கமாட்டாள், ஏதோ ஒரு இல்லத்தின் விலாசத்தைத்தான் வாங்கிக்கொண்டு திரும்பப்போகிறேன் என்று நினைத்துப் போனேன். உள்ளே கட்டிலில் சாந்தியின் மாமியார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. வேணி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ரசம் சாதத்தைக் கரைத்துக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் கொடுத்துவிட்டு, அந்த அம்மா விழுங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். விழுங்கியதும் அடுத்த வாய். அவசரம் என்பதே இல்லை.

“தையில அத்தைக்கு இப்படி ஆயிடுச்சுங்க” என்றாள் சாந்தி. “நான் ஊட்டினா துப்பிடறாங்க. எங்க வீட்டுக்காரரு ஊட்டினாலும் துப்பிடறாங்க. இவ கையில மட்டும்தான் இறங்குது. நமக்கெல்லாம் பொறுமை இல்லைங்க, அவங்களுக்கு அது தெரியுது.”

“இல்லத்துல சேர்க்கறதா இருந்துச்சே?”

“இருந்துச்சு. ஒரு எடம் வந்துச்சுன்னு போன்கூடப் பண்ணாங்க. வேணாம்னுட்டேன். அத்தைக்காக மட்டும் சொல்லலைங்க. வீட்டுல ஒரு ஆளா ஆயிட்டா.”

இதை உங்கள் பாடத்துக்கு உதாரணமாக்க மாட்டேன் சார். அந்த அம்மா நாளைக்கே தேறலாம், இல்லாமலும் போகலாம். வேணிக்கும் வயதாகிறது, பெயர்கள் மறக்கத் தொடங்கியிருக்கின்றன, சாந்தியைச் சில நாள் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளாம். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவி வந்து வேணி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “புத்தக அக்கா” என்றாள். பிறகு, “அண்ணன் எப்ப வரும்?” என்றாள்.

சாந்தி அவசரமாக, “ஊருக்குப் போயிருக்காங்கல்ல வேணி” என்றாள். ஏழு மாதமாக எல்லோரும் அதையே சொல்லி வந்திருக்கிறார்கள். மரணத்துக்குத் தமிழில் எத்தனை மரியாதையான சொற்கள் உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். ஒன்றும் உதவவில்லை.

“அண்ணன் செத்துட்டாங்க வேணி. இனிமே வரமாட்டாங்க” என்றேன்.

சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேணி என் வாயையே பார்த்தாள். அதைத் திரும்பச் சொல்லப்போகிறாள் என்று நான் பயந்தேன். சொல்லவில்லை. எழுந்து போய்ப் படலுக்கு வெளியே வாழைக்கன்றுகளின் பக்கம் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். நான் போகவில்லை. திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது. மாமியாரின் போர்வையை இழுத்துவிட்டுத் தானும் கீழே படுத்துக்கொண்டாள்.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன் சார். சாந்திக்கு வெளியூர் போகவேண்டி வந்தால் நான் வந்து தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் பாலத்தில் கேட்டதற்கு இது முழுப் பதிலா என்று தெரியவில்லை. எனக்கு முடிந்தது இவ்வளவு.

அந்த முதல் நாள் கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை வேணி கூட வந்தாள். தோட்டத்து வரப்பில் வைத்து என் கையைப் பிடித்தாள், ரோட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. என் அம்மாவுக்குப் பிறகு என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. பஸ் வந்து நின்றது.

“ஏறுறீங்களா இல்லையாம்மா?” என்றார் கண்டக்டர்.

“அடுத்த பஸ்ல வரேன்” என்றேன்.

அன்று மூன்று பஸ் போனது, சார்.