பைக்குள் காய்த்த எருக்கு

அன்பு மகள் வாலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், வண்டி நிறுத்தும் இடத்து எருக்கஞ்செடியும் சுகம், அது தேவைக்கு மேல் சுகமாக இருப்பதுதான் சிக்கல். இந்தக் கடிதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படி, படித்தபின் உனக்குச் சாப்பாடு இறங்காது.

பூச்சி தொடாமல் எருக்கு காய்க்குமா என்று பார்க்கும் உன் ஆராய்ச்சிக்காக, நீ சொன்னபடி ஒரு கிளைப் பூக்களுக்கு மட்டும் கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டினேன். நீ விளக்கியதை அப்பாவுக்கும் பூவைப் பிடித்துக் காட்டினேன். நடுவில் கிரீடம் மாதிரி இருக்கிறதே, அதைச் சுற்றி ஐந்து சின்னப் பிளவுகள், மகரந்தம் தூளாக உதிராமல் இரண்டிரண்டு பொட்டலமாக ஒரு கறுப்புக் கொக்கியில் தொங்குகிறது, தேன் குடிக்க வரும் வண்டின் கால் பிளவுக்குள் வழுக்கினால் கொக்கி மாட்டிக்கொள்ளும், அதை இழுத்துக்கொண்டு போய் அடுத்த பூவின் பிளவில் சொருகினால்தான் காய். பலமில்லாத பூச்சி மாட்டினால் கால் போகும், சமயத்தில் உயிரே போகும். கேட்டதும் அப்பா, விருந்துக்குக் கூப்பிட்டுக் காலை ஒடிக்கிற குடும்பமா இது என்று செடியை முறைத்துவிட்டுப் போனார்.

பைக்குள் காய் பிடித்த படத்தை அனுப்பியதும், பூச்சி தொடாமலே காய்த்த எருக்கு என்று நீ குதித்தாய், உன் பேராசிரியரும் சேர்ந்து குதித்து, அடுத்த கூட்டத்தில் நீயே பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். நானும் மாடிவீட்டு டீச்சரிடம் பெருமையடித்துவிட்டு வந்தேன். அதைக் கேட்டு அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. துருவித் துருவிக் கேட்டதில் வந்தது விஷயம். பெரிய கருவண்டு ஒன்று பையை முட்டி முட்டிப் பார்த்ததாம், இவர் முடிச்சை அவிழ்த்து உள்ளே விட்டு, அது குடித்து முடிக்கும்வரை காத்து நின்று, வழியனுப்பிவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறார். தினமும். ஓட்டல் வாசலில் காலமெல்லாம் கதவு திறந்துவிட்ட கை, வேறென்ன செய்யும். நான் கத்திய கத்தலுக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "வாசல்ல வந்து நிக்குது, உள்ள யாரும் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

ஆகவே அந்தக் காய்க்குத் தகப்பன் இல்லை என்று மேடையேறிச் சொல்லிவிடாதே, உன் தகப்பன்தான் காரணம். கூட்டத்துக்கு முன்பே பேராசிரியரிடம் நீயாகச் சொல்லிவிடு, வெட்கம் ஒரு நாளோடு போகும். அப்பாவைத் திட்டாதே, உன் பங்கையும் நானே திட்டியாயிற்று. வேறு கிளைக்குப் புதுப் பை போட்டுவிட்டேன், இந்த முறை முடிச்சே கிடையாது, வாயைச் சுற்றித் தைத்தே விட்டேன். நோய்நொடி அண்டாமல், எடுத்த வேலை கைகூடி நன்றாக இரு. பேராசிரியரிடம் சொல்ல மறக்காதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா

பி.கு. உறைக்கு ஒட்டுநாடா வெட்டத் தேடினேன், கத்திரிக்கோலைக் காணோம். அப்பாவையும் காணோம்.