பள்ளத்தில் முதலில் இறங்கியவை

பிப்ரவரி 3
மெரின் டல்லக்குக்குப் பேராசிரியர் பதவி தரப்போகிறார்களாம். முடிவெடுக்க 24ஆம் தேதி குழு கூடுகிறது. ஒன்பது வருடங்களுக்கு முன் அவள் தெரிந்தே பொய் முடிவு காட்டி என் ஆய்வைத் தவறாக்கினாள் என்று இன்று புகார் கொடுத்தேன். கோபம்கூட வரவில்லை. கையெழுத்துப் போட்டேன், டீ குடித்தேன்.

பிப்ரவரி 7
குழு ஆதாரம் கேட்கிறது, அதே ஆய்வை மறுபடி செய்து காட்ட வேண்டும். சரி.
கோழிக்கரு முதலில் ஒரே தகடு. நடுவில் பள்ளம் விழும். மேலிருக்கும் செல்கள் அதற்குள் இறங்கும். அடியில் சேர்பவை குடலாகும். நடுவில் தங்குபவை இதயம், எலும்பு. இறங்காதவை தோல், நரம்பு. ஒன்பது வருடங்களுக்கு முன் பள்ளத்தோரம் ஓரிடத்தில் சாயம் வைத்தேன். அந்தச் செல்கள் நடு அடுக்குக்குப் போயின. அதே இடத்துச் செல்கள் அடி அடுக்குக்குப் போகின்றன என்றாள் மெரின். அவளை நம்பினார்கள்.

பிப்ரவரி 12
பன்னிரண்டு கருவிலும் சாயம் அடி அடுக்கில்! ஆய்வக உதவியாளர் செஃபினா சிரித்தாள். "அலஸ்டர், முட்டைங்கள மெரின் கைக்குள்ள போட்டுக்கிட்டாங்க போல." இவை பண்ணை வண்டியில் வந்தவை. பழைய ஆய்வின்போது நானே பண்ணைக்குப் போய் எடுத்துவருவேன்.

பிப்ரவரி 15, சனி
மோஸ்கீல் பண்ணைக்குப் போனேன். திரும்பும் வழியில் கிரிக்கெட், எப்போதும் போல. ஐந்து மணிக்கு முட்டைகளை அடைகாப்புப் பெட்டியில் வைத்தேன்.

பிப்ரவரி 17
பன்னிரண்டிலும் சாயம் நடு அடுக்கில். செஃபினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"முட்டைய எப்ப வாங்குனீங்க?"
"பதினோரு மணிக்கு."
"அஞ்சு மணி வரைக்கும்?"
"மேட்ச். முட்டை கார்ல இருந்துச்சு."
"வெயில்லயா? அட மனுஷா! உங்க காரே அடைகாத்திருக்கு."

பிப்ரவரி 18
ஆறு மணி நேரம் மூத்த கருக்கள். குடலாக வேண்டியவை முன்பே இறங்கிவிட்டன. அதே இடத்துக்குப் பிறகு வந்தவற்றுக்குச் சாயம் வைத்திருக்கிறேன். என் பழைய ஆய்விலும் அப்படித்தான் — ஒவ்வொரு சனியும். "எத்தன மணி நேரத்து முட்டை?" என்று மெரின் அப்போதே கேட்டாள். பதினாறு என்றேன். பெட்டியில் வைத்ததிலிருந்து எண்ணினால் பதினாறுதானே?

பிப்ரவரி 20
செஃபினா யாரிடமும் சொல்ல மாட்டாள். நான் பேசாமல் இருந்தால் போதும். மெரினுக்குப் பதவி கிடைக்காது.

பிப்ரவரி 21
இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சி. பாதி தட்டிலேயே மிச்சம்.

பிப்ரவரி 24
காலையிலேயே புகாரைத் திரும்பப் பெற்றேன். படிவத்தில் காரணம் கேட்ட கட்டத்தில் 'முட்டைகள் என் காரில் வெயிலில் இருந்தன' என்று எழுதினேன். அலுவலகப் பெண் இரண்டு முறை படித்தாள்.
"இதுதான் காரணமா?"
"இதுதான்."

பிப்ரவரி 27
பேராசிரியர் மெரின் ஆய்வகத்துக்கு வந்தாள். "ஒம்போது வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனியே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" இரண்டு தொகுதிக் கருக்களையும் அவள் முன் எடுத்து வைத்தேன். நுண்ணோக்கியில் குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.
"ஒரே இடம், நேரம்தான் வேற. இது எனக்கும் தோணலப்பா. கட்டுரையா எழுதணும். மொதப் பேரு யாரோடது — ஒன்னோடதா, என்னோடதா?"
"செஃபினாவோடது" என்றேன்.