வலிக்காத புண்

மார்ச் 4
சோமா அணிக்கும் லிவிங்ஸ்டன் அணிக்கும் கால்பந்து இறுதி ஆட்டம். நான்தான் நடுவர். தொண்ணூறு நிமிடமும் விசிலோடு ஓடினேன். வீட்டில் பூட்ஸைக் கழற்றினால் இடது காலுறை முழுக்க ரத்தம். உள்ளே ஒரு கூர்மையான கல். எப்போது புகுந்தது?

என் மனைவி லுயாண்டோ கத்தினாள். "கல்லு மேலயே ஓடியிருக்கீங்க, அதுகூடத் தெரியலையா?"

சிரித்து மழுப்பினேன்.

மார்ச் 6
வலிக்காத புண்ணுக்கு எதற்கு ஆஸ்பத்திரி? சர்க்கரை மாத்திரையைக்கூட ஜனவரியோடு விட்டாயிற்று. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது.

மார்ச் 11
அண்ணன் முன்சாகா வந்தார். "டேய், சர்க்கரைன்னு வெளிய மூச்சு விடாத. அப்புறம் ஒருத்தனும் உன்ன மேட்சுக்குக் கூப்பிட மாட்டான்."

உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொன்னார். வைத்தேன். சூடே உறைக்கவில்லை. எடுத்தபோது பாதம் கொப்பளித்திருந்தது.

மார்ச் 15
நாற்றம். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் தன் ன்ஷிமாக் களித் தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டாள்.

மார்ச் 17
பெருவிரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நர்ஸ் மலம்போ என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் இழையால் பாதத்தைத் தொடுவாராம், தொட்டதும் நான் சொல்ல வேண்டுமாம். காத்திருந்தேன்.

"எப்ப ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சிட்டேன் ஐயா. பத்து எடத்துல தொட்டேன். நரம்பு மரத்துப்போச்சு. தினம் காலப் பாக்கணும்னு யாரும் சொல்லலையா?"

சொன்னார்கள். போன வருடம் இவரேதான் சொன்னார்.

மார்ச் 19
விரலோடு போகாதாம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம்.

ஓடுறதத் தவிர எனக்கு என்னடா தெரியும் — ஐயோ, என் காலு —

மார்ச் 20
கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 2
இல்லாத விரல் வலிக்கிறது. இருந்தபோது வலித்திருக்கக் கூடாதா?

ஜூலை 10, செவ்வாய்
சர்க்கரை நோயாளிகள் வரும் நாள். நர்ஸ் கேட்டுக்கொண்டதால் வாரந்தோறும் போய் உட்கார்கிறேன். "செருப்பக் கழட்டுங்க, காலப் பாக்கணும்" என்பதுதான் என் வேலை. என்னைப் பார்த்தபின் யாரும் மறுப்பதில்லை.

இன்று வரிசையின் கடைசியில் அண்ணன்.

"எனக்கும் அஞ்சு வருசமா இருக்குடா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். குதிகாலில் ஈரமாக ஒரு வெடிப்பு. பக்கத்தில் விரலால் அழுத்தினேன்.

"டேய், வலிக்குதுடா! விடு!"

விட மனம் வரவில்லை.