விரிசலில் வைத்த சவர்க்காரம்

கண்டக்குழி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நிஸ்ரினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் உடம்பால் சுகம், அல்ஹம்துலில்லாஹ். மனசால் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். துருக்கிக் குளிரில் உன் மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது, கம்பளிச் சட்டை போடாமல் வகுப்புக்குப் போகாதே. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய், சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் போட் கவிழ்ந்து, அதில் வேலை செய்த மிஹ்லார் மௌத்தானதை அன்றைக்கே சொன்னேன், கடல் பொங்கியது, தக்தீர், அல்லாஹ் எழுதியது நடந்தது என்றேன். நீயும் அழுதாய். சொல்லாததை இப்போது சொல்கிறேன். வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, போட்டைப் பழுது பார்க்கிற நாளே அதுதான் என்பது உனக்குத் தெரியும். போட் கவிழ்வதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை காலை அடிப்பக்கத்தில் ஒரு விரிசல் கண்டேன், விரல் நீளம் இருக்கும். ஃபைபர் ஒட்டினால் ஒரு நாள் காய வேண்டும், எனக்கோ ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு முந்தலில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தில் ஒரு துண்டை நசித்து விரிசலில் அழுத்தி அப்பினேன். இது நிக்காது முதலாளி என்று மிஹ்லார் சொன்னான். ஒரு நாளைக்குத்தானே, பிஸ்மி சொல்லிப் போ என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போனேன். சனிக்கிழமை மிஹ்லாரும் ஃபைஸலும் போட்டைக் கொண்டுபோனபோது நடுக்கடலில் விரிசல் பிளந்துவிட்டது. ஃபைஸல் எண்ணெய்க் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தான், மற்றப் போட்காரர்கள் தூக்கினார்கள். மிஹ்லாரை மூன்றாம் நாள்தான் கரையில் கண்டோம். மரண விசாரணையில் அலை அடித்தது என்று மட்டும் சொன்னேன், ஃபைஸலும் என் முகத்தைப் பார்த்து அதையே சொன்னான்.

போன புதன்கிழமை மிஹ்லாரின் பெண்சாதி றிஸ்னாவுக்கு ஆறுதல் சொல்லப் போனேன். அந்தப் பிள்ளை, புருஷன் மௌத்தானவர்கள் பிற ஆண்கள் முன் வராமல் இருக்கிற இத்தாவில் இருப்பதால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள், குரல் மட்டும்தான் வந்தது. எல்லாம் தக்தீர் மகள், நாம் என்ன செய்ய முடியும் என்றேன்.  ஓம் மாமா, தக்தீர்தான், அந்தச் சவர்க்காரமும் தக்தீரா எண்டு மட்டும் சொல்லுங்க என்று கேட்டாள். மிஹ்லார் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

வரும் வழியில் எனக்கு உன் குரல்தான் கேட்டது. நோன்பு மாதத்தில் நீ அங்கே படிக்கிற பழைய மார்க்கத் தர்க்கத்தைப் பற்றி நாம் போனில் சண்டை பிடித்தோமே, செத்துப்போனவர்களின் தர்க்கத்தைப் படித்து யாருக்கு என்ன பிரயோசனம் என்று நான் கத்தினேனே. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னமே அநியாயம் செய்த அரசர்கள், எங்கள் கையால் நடந்ததெல்லாம் அல்லாஹ்வின் எழுத்து என்று சொல்லித் தப்பப் பார்த்தார்கள், உங்கள் குற்றத்தை அல்லாஹ்வின் தலையில் போடாதீர்கள் என்று அறிஞர்கள் எதிர்த்து நின்றார்கள் என்று நீ சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். மகள், அந்த அரசர்களின் பேச்சு என் வாயிலல்லவா உயிரோடு இருந்திருக்கிறது! யார் எதற்காகச் சொல்லித் தப்பினார்கள் என்று தெரியாமல் அதையே என் ஈமான், என் நம்பிக்கை என்று நினைத்திருக்கிறேன். தக்தீரை இன்றைக்கும் நம்புகிறேன், ஆனால் சவர்க்காரம் வைத்தது என் கை. நான் இவ்வளவு கெட்டிக்காரப் பொய்யன் என்று எனக்கே தெரியாது, நினைக்க நினைக்கத் திடுக்கிடுகிறது.

நேற்று முன்தினம் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் மூத்தவர் மீராசாஹிப் என் சட்டையைப் பிடித்து இழுத்து, உனக்குப் பைத்தியமா, இரிடா என்றார். ஃபைஸல் சுவரில் சாய்ந்து அழுதான். உம்மா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை, பொலிஸ் பிடிச்சு மறியலில் அடைச்சுப் போட்டால் என்ன செய்வீங்க என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நாளைக்கு மரண விசாரணை அதிகாரியிடம் போய் வாக்குமூலத்தைத் திருத்தப்போகிறேன். றிஸ்னாவிடமும் திரைக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டிய கடமை அவளுக்கில்லை.

இன்னொன்று. நீ கொம்பியூட்டர் படிப்பதாகத்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், வெட்கத்தில். நேற்று மீராசாஹிப், உனக்கு இந்தப் புத்தியை யார் தந்தது என்று கேட்டபோது, என் மகள்தான், அவள் படிப்பது பழைய மார்க்கத் தர்க்கம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். படிப்பை விட்டுவிட்டு ஓடி வராதே. அல்லாஹ் உனக்கு நல்ல அறிவையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். உம்மாவுக்குப் போன் எடு, மறந்துவிடாதே.

அந்த அரசர்களில் ஒருவராவது எழும்பி நின்று, நான்தான் செய்தேன் என்று சொன்னதாக உன் புத்தகங்களில் இருக்கிறதா? இருந்தால் அவர் பேரை எழுது. நாளைக்கு நான் தனியாகத்தான் போகிறேன்.

உன் வாப்பா,
இஸ்ஹாக்