இரண்டு முறை சூடாக்கிய மருந்து

நாள் 12. காலை 6.10

இந்தக் குறிப்பேட்டை எடுத்துப் படிக்கிறவர் முதலில் கையைக் கழுவிக்கொள்ளவும்.

இடம்: நிலவின் தென்முனைக் குடியிருப்பு, நான்காம் பிரிவு, வாசல் அறை. எழுதுவது வாசல் பொறுப்பாளர் லூர்தம்மாள், வயது 63. உள்ளே 37 பேர். பிள்ளைகளும் வயதானவர்களும் மட்டும். காய்ச்சல் வெளியே மற்ற மூன்று பிரிவுகளிலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வந்தால் இரண்டு நாள் படுத்து எழுந்துவிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் எழுவதில்லை. அதனால் நாற்பது நாள் அடைப்பு.

வெளியிலிருந்து எது வந்தாலும் சூட்டறையில் எழுபது டிகிரியில் நாற்பது நிமிடம் வைப்பேன். அதன் பிறகுதான் உள்ளே. இதுவரை என் வாசலைத் தாண்டி ஒரு கிருமி வரவில்லை. மூன்றாம் பிரிவு வாசல்காரர் ஆரோக்கியம் இன்றும் ரேடியோவில் கிண்டல் செய்தார்: "என்னக்கா, உங்க வாசல்ல கிருமிக்கு டிக்கெட் உண்டா?" "உங்க வாசல்லதான் சும்மா விடுறீங்களே, அங்கயே வரட்டும்" என்றேன்.

இன்று வந்தவை: அரிசி மாவு நான்கு பை, சோப்பு, என் பேத்தி ஜெசிந்தாவின் மருந்துப் பெட்டி. அவளுக்கு ஏழு வயது. நான்கு வயதில் சர்க்கரை வந்தது. அவள் உடம்பில் இன்சுலின் ஊறாது, ஊசியில்தான் போகவேண்டும். இது மூன்று மாத மருந்து. பெட்டியின் மேல் ஏதோ நீலச் சீட்டு ஒட்டியிருந்தது. காகிதத்தில் கிருமி தங்கும் என்று கிழித்து எரித்தேன். மற்றப் பொருள்களை ஒரு முறை சூடாக்கினேன். அவள் பெட்டியை இரண்டு முறை.

நாள் 13. மாலை 6.30

காலை 148. பழைய குப்பி நேற்றே முடிந்தது, இன்று காலையிலிருந்து புதுக் குப்பி. மதியம் 290. இப்போது 388.

அளவு தவறவில்லை. ஊசி நானேதான் போட்டேன். அப்படியானால் திருட்டுத் தீனிதான். பிஸ்கட் டப்பாவைப் பூட்டினேன்.

"நீ திங்காம எப்படிட்டி ஏறும்?"

"நான் திங்கல ஆச்சி. மாதா மேல சத்தியம்."

"மாதாவ இழுக்காத."

கால் மணி நேரம் முட்டிபோட வைத்தேன். நடுவில் மூன்று முறை தண்ணீர் கேட்டாள். நடிப்பு என்று நினைத்தேன்.

நாள் 14. காலை 5.40

மீட்டரில் எண் வரவில்லை. "அதிகம்" என்று மட்டும் காட்டுகிறது. விடிவதற்குள் பதினொரு முறை சிறுநீர் போனாள். தலைமை நிலையத்திலிருக்கும் டாக்டர் நஸ்ரினை ரேடியோவில் பிடித்தேன்.

"ஆச்சி, மருந்த எங்க வச்சிருக்கீங்க?"

"ஃபிரிட்ஜுலதான்."

"அதுக்கு முன்னாடி சூடு கீடு பட்டுச்சா?"

"என் கைக்கு வந்த மருந்துல எதுக்கு டாக்டர் சூடு படுது?"

"சரி, அப்ப அளவக் கூட்டிப் பாப்போம். ஏழு போடுங்க. மூணு மணி நேரம் கழிச்சு கூப்பிடுங்க."

ஏழு போட்டேன்.

நாள் 14. காலை 9.15

மேலே நான் டாக்டரிடம் சொன்னது பொய். டாக்டர் "சூடு" என்று கேட்ட அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அலைவரிசையை நான்கு வாசல்காரர்களும் கேட்பார்கள். ஆரோக்கியம் கேட்பார். வாய் தானாக வேறு சொல்லிவிட்டது.

எட்டரைக்கு ஜெசிந்தா வாந்தி எடுத்தாள். மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. சிறுநீரில் நனைத்த சோதனைத் தாள் கருஊதாவாக மாறியது; இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிறது. குப்பியை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் போல இருக்க வேண்டிய மருந்தில் திரிந்த பால் போல நூல் நூலாக ஓடுகிறது. ஒவ்வொரு குப்பியாகப் பார்த்தேன். எல்லாம் அப்படித்தான்.

டாக்டரை அழைத்துச் சொன்னேன்.

"எத்தன குப்பி ஆச்சி?"

"எல்லாம்."

"சூட்டறையிலயா? நீலச் சீட்டு ஒட்டுனா அறைய அணைச்சிட்டு, ஸ்பிரிட்ல துடைச்சு, ஒரு மணி நேரம் விட்டு எடுக்கணுமே. ஒரு தடவதான சூடாக்குனீங்க?"

"ரெண்டு."

அடுத்து ரேடியோவில் வந்தது ஆரோக்கியத்தின் குரல்: "அக்கா, எங்க பக்கம் அந்த மருந்து இல்லக்கா. ஒரு சொட்டு இருந்தாலும் நானே தூக்கிட்டு ஓடி வந்திருவேன்." அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மருந்து தலைமை நிலையத்தில் இருக்கிறது. வண்டியில் ஒன்பது மணி நேரம். ஓட்டுநர்கள் எல்லோரும் காய்ச்சலில். அப்போது ஜெசிந்தாவின் அம்மா, என் மகள் செலஸ்டின், ரேடியோவில் குறுக்கே வந்தாள். பனிக்கட்டி வண்டி ஓட்டுகிறவள். அடைப்பு தொடங்கியதிலிருந்து தலைமை நிலையத்திலேயே மாட்டிக்கொண்டவள்.

"நான் ஓட்டுறேன்."

டாக்டர்: "உனக்கே நூத்தி மூணு காய்ச்சல், செலஸ்டின்."

"காய்ச்சல் எனக்குத்தான டாக்டர், வண்டிக்கா?"

பிறகு என்னிடம்: "எம்மா. காலையில கேட்டப்பவே சொல்லியிருந்தா இந்நேரம் பாதி தூரத்த நெருங்கியிருப்பேன். ஒனக்கு ஒன் கதவுதான் பெருசு."



நாள் 14. காலை 10.30

கழிவுத் தொட்டியைக் கொட்டினேன். இன்னும் எரிக்கவில்லை, கர்த்தருக்குத் தோத்திரம். பழைய குப்பி கிடைத்தது. கவிழ்த்து உறிஞ்சினால் ஆறு அலகு தேறும். இரண்டு இப்போது, இரண்டு பன்னிரண்டரைக்கு, இரண்டு இரண்டரைக்கு. நடுவில் உப்புத் தண்ணீர் கரண்டி கரண்டியாக. பத்துக் கரண்டி கொடுத்தால் ஆறு வெளியே வருகிறது.

உள்ளே ஒரு தாத்தா தன் சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுவந்து நீட்டினார். அது இவளுக்கு உதவாது. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

நாள் 14. மதியம் 2.40

கடைசி இரண்டு அலகும் போய்விட்டது. மீட்டர் "அதிகம்". மூச்சு ஆழமாக, ஓடி வந்தவள் போல. கூப்பிட்டால் கண் திறக்கிறாள், உடனே மூடுகிறாள். உதடு வெடித்திருக்கிறது.

ஒரு முறை தெளிவாகப் பேசினாள். "ஆச்சி, நான் திங்கல."

தெரியும் என்றேன். ஆச்சிக்குத் தெரியும் என்றேன். கேட்டதா என்று தெரியவில்லை.

வண்டி இன்னும் நான்கு மணி நேரத் தூரத்தில்.

நாள் 14. மாலை 6.50

வண்டி வந்துவிட்டது. செலஸ்டின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். நிற்கவில்லை, சாய்ந்திருக்கிறாள். மருந்துப் பை சூட்டறையில். அறையை அணைத்துவிட்டேன்.

ஸ்பிரிட் அடித்து ஒரு மணி நேரம் விட வேண்டும். ஜெசிந்தாவின் மூச்சை எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் அவளிடம் இல்லை.

முதலில் அவளைத் தூக்கி வாசல் அறைக்குக் கொண்டுவந்தேன். பிரிவுக் கதவை இந்தப் பக்கமிருந்து அடைத்துத் தாழிட்டு, இருபத்தொரு நாள் யாரும் திறக்கக் கூடாது என்று உள்ளே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் 35 பேர். இந்தப் பக்கம் நாங்கள் இருவர்.

பிறகு பையை எடுத்தேன். கையுறை மாட்டினால் ஊசியில் அளவு தெரிவதில்லை. வெறும் கையால் எடுத்தேன்.

மாலை 7.05. மூன்று அலகு.

"எம்மா, நல்லா தொடச்சியா? அந்தப் பை பூரா இருமிக்கிட்டே வந்தேன்."

"தொடச்சேன் தாயி. நீ போய் வண்டியில படு."

இதுவும் பொய்தான். இதற்கு எனக்கு வெட்கமில்லை.

நாள் 15. மாலை 4.30

காலை எட்டு மணிக்கு எண் வந்தது! 512. இப்படி ஓர் எண்ணைப் பார்த்து யாரும் அழுதிருக்க மாட்டார்கள். பத்து மணிக்கு 430. மதியம் 341. உப்புத் தண்ணீர் வயிற்றில் நிற்கிறது. மாலை நாலு மணிக்கு "பசிக்கு ஆச்சி" என்றாள். டாக்டர் கஞ்சி கொடுக்கச் சொன்னார். ரேடியோவில் ஆரோக்கியம் விசில் அடித்தார்.

நாள் 16. காலை 7.00

அவளுக்கு 178. லேசான இருமல். காய்ச்சல் நூறு. விளையாடுகிறாள்.

எனக்கு நூற்றிரண்டு. தொண்டையில் மணல்.

நாள் 16. மாலை 5.15

அவளுக்குக் காய்ச்சல் விட்டது. எனக்கு நூற்றி நான்கு. டாக்டரிடம் சொன்னேன். இந்த முறை கேட்டவுடன் உண்மையைச் சொன்னேன். யார் கேட்டால் என்ன. ஊசி போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் காய்ச்சலில், வெளியே இருந்து யாரும் நுழைய இன்னும் மூன்று நாள் ஆகும் என்கிறார். செலஸ்டின் வண்டியிலேயே படுத்திருக்கிறாள், எழ முடியவில்லை, உயிருக்குப் பயமில்லை.

மூன்று நாள். ஒரு நாளைக்கு நான்கு ஊசி. பன்னிரண்டு.

நாள் 17. காலை

நேரம் பார்க்க முடியவில்லை. எழுத்து இரண்டாகத் தெரிகிறது.

ஜெசிந்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விரலின் ஓரத்தில் குத்து, நடுவில் வேண்டாம். ரத்தத்தைத் தாளில் தொடு. எண்ணை எழுது. குப்பியைக் குலுக்காதே. மூன்றாவது கோடு வரை இழு. காற்றுக் குமிழி இருந்தால் தட்டு. வயிற்றில் ஒரே இடத்தில் போடாதே. நூற்றுக்குக் கீழே போனால் ஊசி வேண்டாம், சீனித் தண்ணீர் குடி. சீனியும் பிஸ்கட் டப்பாவில்தான், சாவி என் கழுத்தில்.

முதல் முறை அழுதாள். இரண்டாம் முறை குமிழியைத் தானே தட்டினாள். என் பேத்தி.

நாள் 17

சோறு சின்னக் கிண்ணத்தில் ஒன்று. ஒன்று மட்டும். மருந்தை ஃபிரிட்ஜில் திரும்ப வை. மறக்காதே. எண்ணை இதில் எழுது. ஆச்சி தூங்கினாலும் நீ

நாள் 18. காலை 7.00

126. ஊசி நானே போட்டேன். 3. அழல.

சோறு ஒரு கிண்ணம். மருந்து ஃபிரிட்ஜுல வச்சிட்டேன்.

ஆச்சி சாப்பிடல. எழுப்பினேன். கை சில்லுன்னு இருக்கு. ஆச்சிக்கும் சர்க்கரை கூடிடுச்சுன்னு நினைச்சு விரல் ஓரத்துல குத்திப் பார்த்தேன். நடுவுல குத்தல.

ரத்தம் வரல.