உலர்த்திய பின்னும் நின்ற பட்டை

செவ்வாய், இரவு

அலுமினியம் ஆக்சைடின் புற ஊதா நிறமாலையில் நான் கண்ட மங்கலான பட்டை வெறும் ஈரத்தால் வந்தது என்று பேராசிரியர் போன வாரம் தள்ளிவிட்டார். ஆய்வேட்டிலிருந்து எடுக்கவும் சொன்னார். இன்று ஆய்வக உதவியாளர் செல்வம் அண்ணனோடு அலுமினியத்தை எரிக்கும் ஆக்சிஜனை நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி பதிவு செய்தேன். ஈரத்தால் வரும் கோடுகள் மறைந்தன. என் பட்டை அப்படியே நின்றது!

"இருக்கு லா தங்கச்சி!" என்று அண்ணன் கத்தினார்.

பேராசிரியர் திரையை நெடுநேரம் பார்த்தார். "எடுக்க வேணாம். தனி அத்தியாயமே எழுதும்மா."

நாளை மறுபடி பதிவு செய்தாலும் அந்தப் பட்டை வர வேண்டுமே.

போர்டிக்சன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அப்பாவுக்கு போன் செய்து, அலுமினியம் எரியும் வெளிச்சத்தில் புதிதாக ஒன்று கண்டதைச் சொன்னேன்.

"அந்த வெளிச்சம் என்னா கலருமா?"

"கண்ணுக்குத் தெரியாதுப்பா."

உடனே அம்மாவிடம் அவர் கத்தியது கேட்டது: "கண்ணுக்கே தெரியாதத கண்டுபிடிச்சிட்டா லா நம்ம புள்ள!"